படிப்பை நிறுத்தும் லெட்டர்

காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் ரெண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவளுக்குக் கண் வீங்கியிருந்தது.

"ஏட்டி, படிப்ப நிறுத்துதேன்னு எழுதி உங்கிட்ட குடுத்து வச்சேம்லா, அந்த லெட்டரக் குடு. இன்னைக்கு மேடத்துகிட்ட குடுக்கணும்" என்றாள் அவள் பக்கத்திலிருந்த தோழியிடம்.

"தர மாட்டேன். இது மூணாவது லெட்டரு. மாசம் ஒண்ணு எழுதுத."

"மூணு நாளா தூக்கமில்லட்டி. படிச்சது மண்டையில நிக்க மாட்டேங்கு. சோத்தப் பாத்தாலே அழுக வருது. இன்னைக்கு செமினாரு வேற."

"உனக்குத் தேதி எப்ப?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "நாளக் கழிச்சு."

"பொறவென்ன? வந்த மறுநாளு எரும மாதிரித் தூங்குவ. எந்திரிச்சு லெட்டரக் கேளு, நானே கூட வந்து குடுக்கேன். போன ரெண்டு தடவையும் கேட்டியா?"

"கேக்கல."

பேட்டை ஸ்டாப் தாண்டியதும் அவள் போனை எடுத்தாள்.

"மேடம், எனக்கு பீரியட்ஸ் தேதி நெருங்குது. மூணு நாளாத் தூக்கமில்ல. செமினார திங்கக்கிழம எடுக்கட்டா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"என்னட்டி சொன்னாவ?"

"சரின்னுட்டாவ. ஆனா திங்கக்கிழம நாந்தான் முதல்லயாம்."

"எடுப்பியா?"

"ஏன், எடுக்க மாட்டனா?"

சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். ஸ்டாப் வந்தபோது தோழிதான் தட்டி எழுப்பினாள்.