சீட்டுக் குலுக்கிய துரை

ஜப்பான்காரன் காலம். மலாயாவில், பாடாங் செராயில் அரிசிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தோட்டத்துப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கணக்குத் தொரை இப்ப இருந்திருக்கணும்க்கா."

"யாரு, எந்த ரப்பர் மரத்துக்கு எந்த உரம் போட்டுப் பாக்கறதுன்னு சீட்டுக் குலுக்கி எடுத்தாரே, அவரா?"

"அவருதான். ஆள விட்டுப் பொறுக்கச் சொன்னா, நல்ல மரமாப் பாத்துப் பொறுக்கிருவான்னு சொல்லுவாரு. அப்புறம் யான்ங்கற ஊருல நெல்லுக்கு, மாட்டுத் தீவனத்துக்கு, எல்லாத்துக்கும் அவரு முறைதானாம்."

"அதுக்கென்ன இப்ப?"

"சயாமுல ரயில் ரோடு போட ஆள் புடிச்சப்ப, கங்காணிதானே பொறுக்குனாரு. அவரு மச்சானுங்க எல்லாம் இங்கதான் இருக்கானுங்க."

"குலுக்கியிருந்தாலும் ஒன் வூட்டுக்காரர் பேரு வந்திருக்கலாமேடி."

"வந்திருக்கலாம்" என்றவள், வரிசையோடு ஓரடி நகர்ந்தாள். "வந்திருந்தா, காலையில பேரு கூப்புடுற பெரட்டுல கங்காணி மொகத்தப் பாக்கறப்ப வயிறு எரியாதுல்லக்கா."