வால்ட்ராவுட் அம்மையார் தலைகுனிந்த நாள்

கருவின் விழியிலிருந்து மூளைவரை நீளும் நரம்பிழைகளின் நெடும்பயணத்தை நெஞ்சில் சுமந்த நேரிய அறிஞரே! நெக்கார் நதிக்கரை ஆய்வுக்கூடத்தின் நிறைமதியே! வால்ட்ராவுட் எகெர்ட் அம்மையீர்! பணிநிறைவு பெற்று விடைபெறும் தங்களை வணங்குகிறோம்.

தங்கள் பரிசுகளை வரிசைப்படுத்த மடலில் இடமுண்டு, எங்களுக்கு மனமில்லை. தாங்கள் கூசி நின்ற ஒரு நாளை அவையோர்க்குச் சொல்லப் போகிறோம். பொறுத்தருள்க.

அவையீர்! வளரும் நரம்பிழைகள், தம்மேல் உள்ள ஒட்டும் புரதங்களால் வழியைப் பற்றிப் பற்றியே இலக்கை அடைகின்றன. அத்தகைய புரதம் ஒன்றை, அதன்மேல் ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளால் மூடினால், கோழிக்கருவின் விழியிழைகள் பாதிவழியில் நின்றுவிடுகின்றன என்று காட்டி இளம் வயதிலேயே புகழ்பெற்றார் அம்மையார். வழிகாட்டும் புரதம் என்று பாடநூல்களும் அதைப் பாராட்டின.

பெருமன்றம் ஒன்றில் அதைப் பற்றிப் பேசப் புறப்படும் முன்பு, எதிர்ப்பொருள் கெடாதிருக்கக் கலக்கும் மருந்தை மட்டும் தனியே ஊற்றிப் பார்த்தார். அப்போதும் இழைகள் நின்றன. அவற்றை நிறுத்தியது அந்த மருந்தின் நஞ்சுதான். கழுவி நீக்காமல் விட்டவர் அவரே. காதுமடல்வரை எரிந்தது அவருக்கு.

உடனுழைத்த ஹார்ட்முட், “இப்ப பேசிட்டு வந்துடு. அப்புறம் மெதுவா திருத்திக்கலாம்” என்றார்.

“கேக்குறவங்க அதை நம்பி அடுத்த வேலையை ஆரம்பிச்சிடுவாங்களே ஹார்ட்முட். எனக்கு நாக்கு வராது.”

மேடையேறினார். “நான் இதுவரைக்கும் காட்டுனது புரதத்தோட வேலை இல்ல. நான் கழுவாம விட்ட மருந்தோட வேலை” என்றார். எவரும் கைதட்டவில்லை. மதிய உணவில் ஒரு மேசையிலும் அமரத் துணியாமல், கோட்டு மாட்டும் அறையில் நின்றபடியே ரொட்டியைத் தின்றார்.

பின்னர் எதிர்ப்பொருளிலிருந்து நஞ்சை நீக்கிச் சோதனையை மீண்டும் செய்தார். இழைகள் இலக்கை அடைந்தன. ஆனால் கட்டவிழ்ந்து, தனித்தனியே அலைந்து, சில தாமதமாக வந்தன. அப்புரதம் வழிகாட்டவில்லை, வழித்துணைகளைப் பிரியாமல் பிடித்துவைத்திருந்தது. முன்னதைவிடச் சிறிய உண்மை; இன்றுவரை அது பொய்க்கவில்லை. ஆயினும் பழைய கட்டுரையை யாரேனும் எடுத்தால் அவர் முகம் இன்றும் சிவக்கிறது.

அம்மையீர்! “அதை மட்டும் வாசிக்காதீங்க, கூசுது” என்று நேற்றுக் கேட்டுக்கொண்டீர்கள். மீறிவிட்டோம். உடல்நலம் ஓங்க, உள்ளம் குளிர, நெடுநாள் வாழ்க! போகையில் அந்தக் கூச்சத்தை மட்டும் எங்களிடம் விட்டுச் செல்லுங்கள். இக்கூடத்துக்கு அது வேண்டும்.

தங்கள் அன்பில் வளர்ந்த
ஆய்வுக்கூடத்தார்