திட்டு யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?

பல்லைப் பிடுங்கும் கையால் இன்று மணியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே. மூச்சே வாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே மூச்சு வாங்கும் மாடி வீட்டுப் பெரியவர்களே. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே. எனக்கு முன் எதிரணியில் பேசி, கைத்தட்டலைக் காட்டிலும் கொட்டாவிகளை அள்ளிச் சென்ற கணக்காசிரியர் அவர்களே. நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்திருக்கும் இளைஞர்களே, அந்தச் சுவருக்கு நேற்றுதான் வண்ணம் அடித்தார்கள், நிமிர்ந்து நில்லுங்கள். உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மென்பொருள் பிழைகளுக்காகப் பெரிய நிறுவனங்களைத் திட்டுவது நியாயமா? இதுதான் தலைப்பு. நியாயமே என்று பேச என்னை அழைத்தார்கள். ஏன் அழைத்தார்கள்? திட்டுவதற்கு இந்தக் கட்டடத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை என்பதால் அழைத்தார்கள். பெருமையோடு ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டம் முடிந்ததும், மூன்றாவது வரிசையில் இருக்கும் என் மருமகள் தன் ராஜினாமாக் கடிதத்தை அனுப்பிவிடப் போகிறாள். அதற்குள் அவள் மனத்தை மாற்றியாக வேண்டும். வீட்டில் சொன்னேன், கேட்கவில்லை. வீட்டில் கேட்காதவர்கள் ஒலிபெருக்கியில் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் மேடையேறியிருக்கிறேன். குனியாதே அம்மா, எல்லோரும் பார்க்கட்டும்.

நடந்தது என்ன? என் போனில் செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்று உண்டு. உங்கள் போனிலும் அதேதான். ஒரு வெள்ளிக்கிழமை அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. அன்று முதல், எனக்கு வரும் செய்திகளுக்கு என்னைக் கேட்காமல் அதுவே பதில் அனுப்பத் தொடங்கியது. கான்வென்ட்டில் படித்தவள் நான். ஒரு கடிதத்தை இரண்டு முறை எழுதிப் பார்த்து மூன்றாம் முறை அனுப்புகிறவள். என் கணவரின் மறைவைத் தெரிவித்தபோதுகூட ஓர் ஆச்சரியக்குறி போடாதவள். என் பெயரில், என் படத்தோடு, அந்த இயந்திரம் என்னென்ன அனுப்பியது தெரியுமா?

குழாய் பழுதுபார்ப்பவர் எழுதினார்: "அம்மா, இன்னிக்கு வர முடியாது, வழுக்கி விழுந்துட்டேன்." என் பதில்: "கலக்கிட்டீங்க! இன்னொரு தடவை!"

நம் தலைவர் எழுதினார்: "என் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கூட்டம் தள்ளிவைக்கப்படுகிறது." என் பதில்: "ஹையா! கொண்டாடலாம்!"

அந்த அண்ணன் நலமாகி இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, அப்படி முறைக்காதீர்கள், அது நான் இல்லை.

பதினோரு ஆண்டுகளாக என்னோடு பேசாத என் நாத்தனார் எழுதினாள்: "அண்ணி, அன்னிக்கு நான் பேசினது தப்புதான்." இயந்திரம் சொன்னது: "ஆமாம்! ரொம்பச் சரி!" இந்த ஒரு பதிலை மட்டும் நான் திருத்தப் போகவில்லை.

சும்மா இருப்பேனா? அந்த நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். ஒன்றல்ல, இரண்டல்ல, பதினேழு கடிதங்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல, தட்டச்சு செய்து அனுப்பியவள் என் மருமகள். "இந்த மென்பொருளை எழுதிய மேதாவி மழலையர் பள்ளியிலாவது தேறினாரா என்று அறிய விரும்புகிறேன்" என்று சொன்னேன். விரல்கள் நின்றன.

"அத்தை, இது கொஞ்சம் கடுமையா இல்ல?"

"கடுமையாத்தான் இருக்கணும். போடு."

போட்டாள். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடும். "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது. நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்." அதையும் அவளே எனக்கு வாசித்துக் காட்டுவாள். "பாத்தியா இவங்க கொழுப்பை? இதே வரியைத்தான் நேத்தும் அனுப்பினாங்க. எழுதறது மனுஷனா மரக்கட்டையா?" என்பேன். "மரக்கட்டையாத்தான் இருக்கும் அத்தை" என்பாள்.

நேற்று முன்தினம் பிற்பகல், தேநீரோடு அவள் அறைக்குள் போனேன். கணினித் திரையில் இரண்டு கடிதங்கள். இடப்பக்கம் இருந்தது என் பதினேழாவது கடிதம். வலப்பக்கம், "இந்தப் பிழைக்கு நானே பொறுப்பு, பணியிலிருந்து விலகுகிறேன்" என்று இன்னொன்று.

"என்னம்மா இது?"

"ராஜினாமா, அத்தை."

"அது தெரியுது. என் லெட்டர் இங்க என்ன பண்ணுது?"

"உங்களுக்குப் பதில் போடறது நான்தான் அத்தை. புகாரெல்லாம் எங்க டீமுக்குத்தான் வரும்."

"அப்ப அந்த மென்பொருளை எழுதினது?"

"அதுவும் நான்தான்."

தேநீரை மேசையில் வைத்தேன். அவள் கணினியில் வேலை பார்க்கிறாள் என்று தெரியும், எந்த நிறுவனத்துக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. என்ன கேட்பது? கேட்க என்ன இருக்கிறது? இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"மழலையர் பள்ளியில தேறினியா?"

"ஃபர்ஸ்ட் வந்தேன் அத்தை" என்று சொல்லி அழுதாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அவள் அடுத்துச் சொன்னதைக் கேட்கும் வரை.

"சோதிச்சுப் பாக்க ரெண்டு வாரம் வேணும்னு கேட்டேன் அத்தை. எழுதியே குடுத்தேன். முடியாது, வெள்ளிக்கிழமையே வெளியிடணும்னு சொன்னாங்க. இப்ப ஊரெல்லாம் திட்டுதுன்னதும், எழுதினது யாருன்னு கேக்கறாங்க."

தலைவர் மணியில் கை வைக்கிறார். வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, அடிக்க மட்டும் வேண்டாம். இனிமேல்தான் என் வாதமே வருகிறது.

கணக்காசிரியர் என்ன சொன்னார்? மனிதர் செய்வதில் பிழை இருக்கும், கோடிக்கணக்கான வரிகளில் ஒரு வரி பிசகும், ஆகவே திட்டாதீர்கள் என்றார். ஐயா, உங்கள் தலைச்சாயத்தில்கூடப் பிழை இருக்கிறது, நான் ஏதாவது சொன்னேனா? பிழை வரும். நானும் செய்தவள்தான்.

தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டுகள் இணைப்புக் கொடுத்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த பத்தாம் நாள், ஒரு சர்க்கஸ் முதலாளி தன் கூடாரத்துக்கு இணைப்புக் கேட்டார். நான் மகப்பேறு மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டேன். மறுமுனையில் போனை எடுத்தவர், மருமகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டுக் காத்திருந்த ஒரு மாமனார். சர்க்கஸ்காரர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "என்னய்யா, யானை குட்டி போட்டுடுச்சா?"

"யாரைப் பாத்துடா யானைங்கற?"

"நம்ம பெரிய யானையைத்தான்யா. கத்தாத, அது மிரளும்."

பிறகு நடந்ததை இந்த மேடையில் சொல்ல இயலாது. தாய்மார்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எந்த வயரைப் பிடுங்குவது என்று தெரியாமல் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்தது. எங்கள் மேற்பார்வையாளர் அம்மா. என் தலையிலிருந்த காதொலிக் கருவியைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். "தவறு நிலையத்துடையது. மன்னிக்க வேண்டும்" என்றார். எட்டு நிமிடம் நின்றுகொண்டே அத்தனை ஏச்சையும் வாங்கினார். என் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பிறகு கருவியை என் தலையில் திருப்பி மாட்டிவிட்டார். "யானைக்கு ஆண் குட்டியாம், அவங்க வீட்டுக்குப் பொண்ணாம். அடுத்த லைனைப் பாரு" என்றார்.

அவையோரே, பெரிய நாற்காலி எதற்காக? சாய்ந்து உட்காரவா? சுற்றிச் சுழலவா? பாராட்டு வரும்போது முந்தி நிற்கவும், பழி வரும்போது பதுங்கி நிற்கவுமா? இரண்டு வாரம் கேட்டவளுக்கு இரண்டு நாள்கூடத் தராதவர் எவரோ, அவர்தானே இந்தப் பிழையின் தகப்பன்? அவசரப்பட்டவர் அவர், அவமானப்பட்டவள் இவள். ஆணையிட்டவர் அவர், அழுதவள் இவள். ஆகவே, பெரிய நிறுவனங்களைத் திட்டுவது நியாயமா? நியாயம், நியாயம், நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் முகவரி பார்த்துத் திட்டுங்கள். நான் பதினேழு முறை முகவரி மாற்றித் திட்டியவள். பக்கத்து அறைக்கு அனுப்ப வேண்டிய பாராட்டை அனுப்பாமல், பழியை அனுப்பியவள்.

அம்மா, மூன்றாவது வரிசை. எழுந்திரு. உன் அத்தை அறுபது வருடத்தில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, அது உன் கணவனுக்கே தெரியும். இப்போது இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு. அந்த ராஜினாமாவை அனுப்பாதே. பிழை உன் கையால் வந்தது, ஆனால் தப்பு உனக்கு மேலே நாற்காலியில் இருப்பவருடையது. என்ன, போனைத் தட்டுகிறாயே? அனுப்பிவிட்டாயா?

"அனுப்பிட்டேன் அத்தை."

என்ன அவசரம்? நான் இன்னும் பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்?

"ராஜினாமா இல்ல அத்தை. ரெண்டு வாரம் வேணும்னு அன்னிக்கு எழுதிக் குடுத்தேன் இல்லையா, அதை. தேதியோட, அவங்க முடியாதுன்னு போட்ட பதிலோட, கம்பெனித் தலைவர்லேருந்து எல்லாருக்கும். நான் எங்கயும் போகல. கேள்வி கேக்கட்டும், பதில் சொல்றேன்."

கைதட்டுங்கள் அவையோரே. எனக்கல்ல, அந்தப் பக்கம் திரும்பித் தட்டுங்கள். கணக்காசிரியரும் தட்டுகிறார், எழுதிக்கொள்ளுங்கள் தலைவர் அவர்களே.

தீர்ப்பை உங்கள் விருப்பம்போல் சொல்லுங்கள். எனக்கு வேண்டிய தீர்ப்பு வந்துவிட்டது. பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், அடுப்பை மறந்து அமர்ந்திருந்த தாய்மார்களுக்கும், மணி அடிக்காத தலைவருக்கும் என் நன்றி. என் மருமகள் எழுந்து நின்றுவிட்டாள், இனி நான் உட்காரலாம். வணக்கம்.