மூணே எழுத்து

— இந்தச் சிவப்புக் கோடு எந்த வார்த்தைக்குக் கீழ போட்டிருக்கு? வாசி தம்பி.

— இதுவா அண்ணி? யெட்.

— அப்படின்னா?

— அதாவது... இன்னும்னு அர்த்தம். "ஹி ஹாஸ் நாட் ரிட்டர்ன்ட் யெட்." அவர் இன்னும் திரும்பி வரல.

— உங்கண்ணன் போன கப்பல் முழுகி எட்டு வருஷம் ஆச்சு. இறப்புச் சான்றிதழுக்கு மூணு தடவை மனு போட்டோம், மூணும் திரும்பி வந்துச்சு. ஒரு தடவை முத்திரை சரியில்லன்னே, ஒரு தடவை தேதி சரியில்லன்னே. நானும் நம்பினேன். இன்னிக்குக் கவுன்டர்ல இருந்த அம்மா கோடு போட்டுக் காட்டுறாங்க. "வருவார்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டு, செத்துட்டார்னு எங்களை எழுதச் சொல்றீங்களே"ங்கிறாங்க.

— கை தவறி ஒரு வார்த்தை கூடுதலா விழுந்திருக்கும்...

— மூணு தடவையுமா? ஊருக்கெல்லாம் மனு அடிச்சுக் கொடுக்கிற கை, நம்ம வீட்டுக்கு மட்டும் தவறுதாக்கும்.

— அண்ணி...

— அந்த மவுஸை நோண்டாதே. அந்த வார்த்தை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு.

— அதாவது, "பஸ் ஹாஸ் நாட் கம் யெட்"னா பஸ் இன்னும் வரல, ஆனா வரும். "ரைஸ் இஸ் நாட் குக்ட் யெட்"னா சோறு இன்னும் வேகல, ஆனா வெந்துடும். யெட் போட்டா இனிமே நடக்கும்னு ஒரு எதிர்பார்ப்பு இருக்கு.

— எடுத்துட்டா?

— எடுத்துட்டா அவ்வளவுதான். வரல.

— பஸ் வரும். சோறு வேகும். உங்கண்ணன் வருவாரா?

— உடம்பு கிடைக்கலையே அண்ணி. பதினாலு பேர் கிடைச்சாங்க, அண்ணன் கிடைக்கல. அண்ணனுக்கு நல்லா நீச்சல் தெரியும்.

— எட்டு வருஷமா நீந்திக்கிட்டே இருக்காரா?

— அப்படிச் சொல்லாதீங்க.

— ரெண்டு வருஷம் கதவுக்குத் தாழ் போடாம படுத்தவ நான். மாசாமாசம் அவர் சட்டையைத் துவைச்சு மடிச்சு வச்சேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா?

— எனக்குக் கை வரல அண்ணி. வேற யார் வீட்டுச் சாவுன்னாலும் அடிச்சுக் கொடுத்துடுவேன். இதுல கடைசிப் புள்ளி வைக்கப் போறப்ப, அந்த மூணு எழுத்து தானா வந்து விழுது. இல்லாட்டி அண்ணனை நானே அடிச்சுக் கொன்ன மாதிரி இருக்கு.

— தெரியும்டா. அதனாலதான் வேற கடைக்குப் போகாம உங்கிட்டயே வந்திருக்கேன். நீதான் எடுக்கணும்.

— இத்தனை வருஷம் பொறுத்தீங்க. இப்ப என்ன அவசரம்?

— நான் வேலை பார்க்கிற ஸ்கூல்ல லைப்ரரிக்காரர் இருக்காரே...

— இங்க ஜெராக்ஸ் எடுக்க வந்து, வர்றப்பல்லாம் குடையை மறந்துட்டுப் போவாரே, அவரா?

— அவரேதான். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டார். சான்றிதழ் இல்லாத வரைக்கும் நான் உங்கண்ணன் பொண்டாட்டிதானே... என்ன, கோவமா?

— இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஸ்கிரீன் மறையுது... எடுத்துட்டேன். புள்ளியும் வச்சாச்சு. பிரின்ட் வருது பாருங்க.

— முதல்ல கண்ணைத் துடை. மனு நனையுது.

— அவர்கிட்ட சரின்னு சொல்லிட்டீங்களா அண்ணி?

— நாட் யெட்.