பக்கத்து சீட்டு

திரும்பலை சார், திரும்பலை. கழுத்து பிடிச்சிருக்கு, லேசா அசைச்சேன், அவ்வளவுதான். அதுக்குள்ள தோளைத் தட்டறீங்களே! என் வீட்டம்மா உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனா? இவர் மைதானத்துப் பக்கம் திரும்பினா தட்டி வைங்கன்னா? ம்... நெனச்சேன். முன்னபின்ன தெரியாத மனுஷன், பாவம், பைக் லைசென்ஸ் டெஸ்டுக்குன்னு வந்து ஹெல்மெட்டை மடியில வெச்சுக்கிட்டு தன் பாட்டுக்கு உக்காந்திருக்கார். அவரைப் பிடிச்சு எனக்குக் காவல் போட்டுட்டுப் போயிருக்கா.

ஒரே பெஞ்சு. நீங்க மைதானத்தைப் பாத்து, நான் சுவத்தைப் பாத்து. சுவத்துல என்ன இருக்கு? ரோட்டு போர்டெல்லாம் வரைஞ்சு வெச்சிருக்காங்க. நில். வழி விடு. ஹாரன் அடிக்காதே. முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன் சார் நான், இப்ப எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டிருக்கேன். கையில என்ன தெரியுதா? ஹேண்ட்பேக். அவளோடது. 'மடியில வெச்சுக்குங்க, திறக்காதீங்க'ன்னு வேற சொல்லிட்டுப் போறா. நான் எதுக்கு சார் அதைத் திறக்கப் போறேன்? உள்ள ஒரு சீப்பு, ரெண்டு தலைவலி மாத்திரை, ஒரு கர்ச்சீப். அவ்வளவுதான்.

அவ முறை வந்துடுச்சா? இன்னும் இல்லையா? வெள்ளை வேன் சார், பக்கத்துல ரொட்டி படம் போட்டிருக்கும். ரொட்டிக்குக் கண்ணு மூக்கெல்லாம் வரைஞ்சு சிரிக்கற மாதிரி இருக்கும், அதுதான். பேக்கரியில விடியக்காலையில ரொட்டி ஏத்திக்கிட்டு கடை கடையா போடறது நம்ம வேலை. வண்டி நம்மளது, ரொட்டி அவங்களது. இதுநாள் வரைக்கும் ஒரு ரொட்டி நசுங்கினதில்லை. கேட்டுப் பாருங்க.

நான் ஏன் ஓட்டலைன்னு பாக்கறீங்களா? கண்ணு சார். நேரா பாத்தா நல்லா தெரியும். இந்த சுவத்துல 'நில்'லுல புள்ளி விட்டுப்போயிருக்கு, அதுகூட தெரியுது. ஆனா பக்கவாட்டுல ஒண்ணும் கிடையாது. குழாய் வழியா பாக்கற மாதிரி. இப்ப நீங்க பக்கத்துல இருக்கீங்க, ஆனா எனக்குத் தெரியலை. இருக்கீங்கன்னு நம்பித்தான் பேசறேன். கொஞ்சம் கொஞ்சமா போனதுல எனக்கே தெரியலை சார். ஒருநாள் ஒரு சைக்கிள்காரர் வண்டிக் கதவைத் தட்டி, 'யோவ், கண்ணு தெரியலையா?'ன்னு கேட்டார். ரோட்டுல எல்லாரும் எல்லாரையும் கேக்கறதுதானே. ஆனா அன்னிக்கு அவர் திட்டலை, உண்மையைச் சொல்லியிருக்கார். கண் டாக்டர் வெளக்கை அங்கயும் இங்கயும் காட்டிட்டு, 'இனிமே வண்டியைத் தொடாதீங்க'ன்னுட்டார். மருந்து விட்டா இருக்கறது இருக்கும், போனது வராதாம்.

சரி, என்ன பண்றது? சம்பளத்துக்கு ஆள் போட்டா டீசல் செலவுதான் மிஞ்சும். என் மச்சான், இவளோட தம்பி, லீவு போட்டு வந்து கொஞ்ச நாளா ஓட்டிக் குடுத்தான். இன்னையோட அவன் லீவு முடியுது. பேக்கரிக்காரரும் நல்ல மனுஷன்தான். ஆனா அவருக்கு ரொட்டி காஞ்சுபோகுமே சார். 'நாளைக்கு லைசென்ஸ் உள்ள ஆள் வந்தா சரி. இல்லேன்னா வேற வண்டியைச் சொல்லிடறேன், தப்பா நெனச்சுக்காதீங்க'ன்னுட்டார். தப்பா நெனச்சுக்காம வேற எப்படி நெனச்சுக்கறது? அதனால இன்னிக்கு இவ பாஸாகணும். இல்லேன்னா வண்டியை வித்துட்டு ரெண்டு பேரும் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.

இவளா ஓட்டறேன்னு சொன்னா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கலை.

ஏன் சிரிச்சேன்னு கேளுங்க. இவளை மாதிரி பயந்தாங்கொள்ளியை நீங்க பாத்திருக்கமாட்டீங்க. கல்யாணமான நாள்லேருந்து என் பக்கத்து சீட்டுல வர்றா. நான் சாவியைத் திருப்பினா இவ கண்ணை மூடுவா. ரெண்டு கையையும் கோத்துக்குவா. வாய் மட்டும் முணுமுணு முணுமுணுன்னு போயிட்டே இருக்கும். போய்ச் சேந்து வண்டியை நிறுத்தினா கண்ணைத் திறந்து, 'அப்பாடா, கடவுளே, நல்லபடியா கொண்டுவந்து சேத்துட்ட'ம்பா. சார், ஓட்டினவன் நான். வெயில்ல மழையில கண்ணைக் கசக்கிக்கிட்டு ஓட்டினவன் நான். நன்றி அவருக்கு! ஒருநாளாவது, ஒரே ஒருநாளாவது இந்தப் பக்கம் திரும்பி 'நல்லா ஓட்டினீங்க'ன்னு... ஊஹூம். நான் கடவுள் அது இதுன்னு போறவன் இல்லை சார். ஆனா அந்த ஒரு விஷயத்துல அவர்மேல எனக்குக் கடுப்புதான்.

ஆங், ஏறிட்டாளா? ஆபீசரும் ஏறியாச்சா? சரி சரி, திரும்பலை. நீங்க பாத்து சொல்லுங்க, போதும். முதல்ல ரிவர்ஸ்தானே... கேக்குது, கேக்குது. கிளட்சை மெதுவா விடறா. நான் சொல்லிக் குடுத்தது அது.

இப்ப என்ன ஆச்சு தெரியுமா? அவ கத்துக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து நான் பக்கத்து சீட்டு. அந்த சீட்டு எப்படி இருக்கும்னு இத்தனை வருஷத்துல எனக்குத் தெரியவே தெரியாது சார். கையில பிடிக்க ஒண்ணுமில்லை. காலுக்கு ஒண்ணுமில்லை. எதிர்ல லாரி வருது, நான் பிரேக்கை மிதிக்கறேன், அங்க வெறும் தரை! மிதிச்சு மிதிச்சு என் காலடி மேட் ஓட்டையே ஆயிடுச்சு. ஒருநாள் பாலத்து மேல, முன்னாடி ஒரு லாரி, பின்னாடி ஒரு பஸ், நடுவுல ரொட்டிச் சிரிப்போட நாங்க. என்னை அறியாம கண்ணு மூடிக்கிச்சு. கை கோத்துக்கிச்சு. வாய் என்னமோ முணுமுணுங்குது. என்ன முணுமுணுக்கறேன்னு பாத்தா, 'கடவுளே, கடவுளே, கடவுளே.' அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது. பாலம் முழுக்க அதையே சொல்லிட்டு வந்தேன். கடைசியில வண்டி நின்னுச்சு. நான் கண்ணைத் திறந்து, 'அப்பாடா, கடவுளே, கொண்டுவந்து சேத்துட்ட'ன்னேன்.

இவ திரும்பிப் பாக்கறா. 'ஓட்டினவ நான்'ங்கறா!

சிரிக்காதீங்க சார். எனக்கு மானமே போச்சு.

அவளுக்கோ ஒரே குஷி. ஸ்டியரிங்கைத் தொட்டதும் பயமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. பாட்டு பாடறா சார்! ராகம் கீகம் ஒண்ணும் கிடையாது, ஆனா பாடறா. 'ஏங்க, இங்க ஒரு ஏரி இருக்குங்க!'ன்னு கத்தறா. ஏரி எப்பவும் அங்கதான் இருக்குன்னேன். 'நீங்க சொல்லவே இல்லையே'ங்கறா. கண்ணை மூடிக்கிட்டு வந்தவளுக்கு ஏரியை எப்படி சார் காட்டறது? எங்க எந்த மரம் பூத்திருக்கு, எந்த வீட்டு மாடியில நாய் நிக்குது, எல்லாம் இப்பத்தான் பாக்கறா. தெனமும் வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்றா. நானும் அதே வண்டியிலதான் வந்தேன். ஆனா நான் கண்ணை மூடிட்டிருந்தேனே.

இந்த வயசுல, சம்பாதிக்கறவன் கண்ணு போய், பொழப்பு ஆட்டம் கண்டிருக்கற நேரத்துல, ஒருத்தி இப்படி சந்தோஷமா இருந்தா எரிச்சல் வருமா வராதா? நீங்களே சொல்லுங்க. வரும். எனக்கு வந்துச்சு. கேட்டேன், 'இப்பல்லாம் நீ கும்பிடறதே இல்லையா?'ன்னு. 'கை ரெண்டும் வேலையா இருக்குங்க, அதை நீங்க பாத்துக்குங்க'ன்னுட்டா. சமையலை நான் பாக்கறேன், துணியை நீங்க காயப்போடுங்கங்கற மாதிரி!

எட்டு போட்டாச்சா? எங்கயும் இடிக்கலையே? நீங்க தலையாட்டினா எனக்குத் தெரியாது சார், வாயைத் திறந்து சொல்லணும்... ஆ, சரி. நல்லது. இன்னும் மேடு ஒண்ணுதான் பாக்கி.

மேடு. போன தடவை அதுலதான் போச்சு. நல்லா கவனிச்சுக் கேளுங்க, ஆபீசர் சரியில்லை. சரிவுல வண்டியை நிறுத்தி, பின்னாடி உருளாம மறுபடி ஏத்தணும். இவ ஏத்திக்கிட்டிருந்தா. பாதியில வண்டி நின்னுபோச்சு, கடகடன்னு பின்னாடி உருண்டுச்சு. உடனே ஃபெயில்! ஒரு வாய்ப்பு குடுக்கக் கூடாதா? மனுஷனுக்கு இரக்கம்னு ஒண்ணு இல்லையா? ஏன் நின்னுச்சுன்னு ஒரு வார்த்தை விசாரிச்சாரா?

என்னமோ ஒலிபெருக்கியில யாரையோ கூப்பிடறாங்க. காதே கிழியுது. எத்தனை தடவைதான் கூப்பிடுவாங்க, போய்த் தொலையேன்யா. அதை விடுங்க, நாம பேசறதைப் பேசுவோம்.

ஏன் நின்னுச்சுன்னா... அது வந்து சார்... வெளியிலேருந்து யாரோ 'பிரேக்கு!'ன்னு கத்தினாங்க. அவ பதறிப்போய் மிதிச்சுட்டா.

யாரோ என்ன யாரோ. நான்தான். இதோ இந்த பெஞ்சு மேல ஏறி நின்னு கத்தினேன். மைதானம் முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு. பயத்துல கத்திட்டேன், பழக்கதோஷம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அவகிட்டயும் சொன்னேன். அவ ஒரு வார்த்தை திட்டலை சார். ரெண்டு திட்டு திட்டியிருந்தா எனக்கும் ஆறிப்போயிருக்கும்.

பயமெல்லாம் ஒண்ணுமில்லை. நல்லா ஏத்தினா சார். கிளட்ச், ஆக்சிலேட்டர் எல்லாம் சொல்லிவெச்ச மாதிரி. நான்கூட கத்துக்கிட்டப்ப அப்படி ஏத்தலை. அதைப் பாத்துக்கிட்டே நின்னேன். அவ்வளவுதான், இனிமே நான் பக்கத்து சீட்டுதான், சாகற வரைக்கும் பக்கத்து சீட்டுதான்னு தோணிச்சு. வாய் கத்திடுச்சு. அதனாலதான் இன்னிக்கு சுவத்தைப் பாத்து உக்கார வெச்சிருக்கா. வெக்கட்டும். எனக்கு வேணும்.

இன்னிக்குக் காலையில வர்ற வழியில கேட்டேன். மனசுல ரொம்ப வருஷமா இருந்தது. 'நான் ஓட்டறப்ப அப்படி விடாம கும்பிட்டியே, என் மேல அவ்வளவு அவநம்பிக்கையா உனக்கு?'ன்னேன். சிக்னல்ல நிக்கறா. இங்க திரும்பி, 'உங்களைத்தான் எனக்குத் தெரியுமே, உங்களுக்கு எதுக்குங்க கும்பிடணும்? எதிர்ல வர்றவன் எப்படியோ, அவனுக்காகக் கும்பிட்டேன்'னா. பச்சை விழுந்துடுச்சு, கியரைப் போட்டு எடுத்துட்டா. அவ்வளவுதான் சார் பேச்சு. இத்தனை வருஷக் கடுப்பு. எல்லாம் வீண்.

நான் பாலத்துல கும்பிட்டேனே, அது எதிர்ல வர்றவனுக்கு இல்லை. இவளை நம்பாம கும்பிட்டது.

சார்... சத்தம் மாறுது. முதல் கியர். மேட்டுக்கு வந்துட்டா.

நின்னுடுச்சு. நிறுத்தச் சொல்லியிருப்பார். இப்பத்தான் எடுக்கணும். கிளட்சைப் பாதி... இல்லை, நான் எதுவும் சொல்லப்போறதில்லை. என் வாயைக் கொஞ்சம் பொத்திக்கறேன்.

ஐயோ, ஆஃப் ஆயிடுச்சு! இஞ்சின் ஆஃப் ஆயிடுச்சு சார்!

சொல்லாதீங்க. உருளுதான்னு எனக்குச் சொல்லாதீங்க. நான் திரும்பமாட்டேன். அவ கையில ஹேண்ட்பிரேக் இருக்கு, காலுல பிரேக் இருக்கு, அவளுக்குத் தெரியும். கடவுளே, எனக்கு உன்கிட்டப் பேசிப் பழக்கமில்லை. என்னைப் பத்திரமா சேத்துடுன்னு மட்டும்தான் இதுவரைக்கும் கேட்டிருக்கேன். இப்ப அது வேண்டாம். நான் எந்த சீட்டுலயாவது உக்காந்துக்கறேன். அவ ஏறட்டும். அவ ஏறணும். ஏரியைப் பாக்கட்டும், நாயைப் பாக்கட்டும், ராகமில்லாம பாடட்டும்...

எடுத்துட்டா. எடுத்துட்டா சார்! ஏறுது... ஏறுது... உறுமாம ஏறுது பாருங்க. அதான் என் பொண்டாட்டி!

நீங்க ஒண்ணுமே சொல்லாம இருந்தீங்களே, அதுக்கே உங்களுக்குப் பெரிய கும்பிடு. வேற யாராவதா இருந்தா நடுவுல ஏதாவது சொல்லிக் குழப்பியிருப்பாங்க. நல்லா காது குடுத்துக் கேட்டீங்க சார். சில பேர்கிட்டதான் இப்படி மனசு விட்டுப் பேச முடியும். இன்னிக்கு நீங்க இல்லேன்னா நான் கண்டிப்பா கத்தியிருப்பேன்.

வண்டி இந்தப் பக்கமாதான் வருது. நின்னுடுச்சு. கதவு... செருப்புச் சத்தம் அவளோடதுதான்.

என்ன, என்ன ஆச்சு? முகத்தை ஏன் இப்படி வெச்சிருக்க? ஏய், விளையாடாத. பாஸா? நெஜமாவா? பாஸா! சரி சரி, சிரி, நல்லா சிரி. நான் அழலை. இந்தா ஹேண்ட்பேக். கர்ச்சீப்பு மட்டும் எடுத்துக்கறேன்.

இல்லை, திரும்பவே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. கத்தலை, நீயே கேட்டிருப்பியே. வேணும்னா சாரைக் கேளு. சொல்லுங்க சார், திரும்பினேனா நான்?

சார்?

எங்க போனார்? இங்கதானே... அந்தப் பைக்குல எட்டு போட்டுட்டிருக்கறது அவரா? அப்பவே கூப்பிட்டுட்டாங்களா? ஒலிபெருக்கியில கூப்பிட்டது அவரையா! அப்போ மேடு... இஞ்சின் ஆஃப் ஆனது... அத்தனையும் நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்? பதிலே வரலைதான். பக்கத்துல இருந்து கேக்கறார்னு நெனச்சு நான் பாட்டுக்கு...

என்ன சிரிக்கற?

என்னது? நீயும் முப்பது வருஷமா கண்ணை மூடிக்கிட்டு அப்படித்தான் பேசிட்டு வந்தியா?

சரி, சரி. வண்டியை எடு. நாளைக்கு விடியக்காலையில ரொட்டி காத்துக்கிட்டிருக்கும்.