சிங்க்குக்கு அடியில காக்காப்பொன்னு

...அதான் சொல்றேன் தம்பி, இந்த வீட்டுல ஒரு தண்ணிக் குடம் வைக்க இடம் கிடையாது, கல்லு வைக்க மட்டும் இடம் இருக்கு. பாத்து வாங்க, கால்ல இடிச்சுக்காதீங்க. கட்டிலுக்கு அடியில... வேணாம், பாக்காதீங்க, வயித்தெரிச்சல்.

எங்க வீட்டுக்காரரு வேலையில இருந்து ஓய்வாகி வந்தாரு பாருங்க, அன்னிக்குப் பிடிச்சது சனி. ஆத்துப் பக்கம் போறது, மினுக்குற கல்லையெல்லாம் பொறுக்கிட்டு வர்றது, வினிகர்ல ஊறப்போட்டு, கறை இளகினப்புறம் பிரஷ்ஷால தேய்க்கிறது. எந்த பிரஷ்ஷுங்கிறீங்க? நான் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷு. அது தெரியாம நானும்... சரி, விடுங்க.

இருங்க இருங்க, சிங்க் குழாயோட நட்டைக் கழட்டாதீங்க. மொதல்ல பக்கெட்ட அடியில வைங்க. ஒரு சொட்டு வெளிய போகக்கூடாது. ஏன்னு சொல்றேன்.

மினுக்குறதெல்லாம் தங்கமா தம்பி? பைரைட்டுன்னு ஒரு கல்லு, தங்கமாட்டமே மினுக்கும்; டைல்ஸோட பின்பக்கத்துல தேச்சா கறுப்பாக் கோடு போடும், தங்கம்னா மஞ்சளாவே விழும். ஊசியால குத்தினா பைரைட்டு பொடிப்பொடியாப் போகும், காக்காப்பொன்னு ஏடு ஏடா உரியும், தங்கம் மட்டும் பள்ளமாகும், உடையாது. எனக்கெப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? சாப்பிடுறப்பவும் இதே பேச்சுதானே, கேட்டுக் கேட்டு மனப்பாடம். ஆனா ஒரு நாளாவது தங்கம் வந்துச்சா? எல்லாம் காக்காப்பொன்னு. அவரு தங்கச்சிகிட்டயே சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கேன்.

போன்ல அடைப்புன்னு சொன்னேன்ல? அடைப்பெல்லாம் இல்ல தம்பி. காலையில ஒரு கிண்ணத்துல, தண்ணிக்கு அடியில மஞ்சளாக் கொஞ்சம் கிடந்துச்சு. வழக்கம்போல காக்காப்பொன்னுதானேன்னு சிங்க்குல கவுத்துட்டேன். அப்புறம் வந்து சொல்றாரு, கிண்ணத்தைப் பத்திரமா வை, இந்தத் தடவ நிஜத் தங்கம், தங்கச்சியக் கூட்டிட்டு வந்து காட்டணும்னு. அவரு அந்தப் பக்கம் போனதும் வேற காக்காப்பொன்ன அள்ளிக் கிண்ணத்துல போட்டு வெச்சிருக்கேன். குழாய் வளைவுல தங்கியிருக்கறதும் காக்காப்பொன்னுதான்னு தெரிஞ்சாப் போதும், நிம்மதியா இருப்பேன்.

ஆங், கழட்டிட்டீங்களா? சேறா? அடியில மினுக்குதே... வெளிச்சத்துல வேணாம், நிழலுக்குக் கொண்டாங்க, காக்காப்பொன்னுன்னா அங்க மங்கிடும். நிழல்லயும் அதே மஞ்சளா இருக்கே. இந்தாங்க ஊசி. குத்துங்க.

பள்ளமாகுது.

இன்னொண்ணக் குத்துங்க... ஐயையோ, அதுவும் பள்ளமாகுதே.

தம்பி, ஒண்ணு பண்ணுங்க. இதை அப்படியே குழாயிலயே போட்டு மாட்டிடுங்க. என்ன முழிக்கிறீங்க? தங்கம் போனாப் போகுது. இது தங்கம்னு தெரிஞ்சுதுன்னா, அந்த மனுசன் ஆயுசுக்கும் என்னை வாயத் திறக்க விடமாட்டாரு. கிண்ணத்துல இருக்கறதத் தங்கச்சிகிட்ட காட்டட்டும். வழக்கம்போல நான் சிரிச்சுக்கிறேன்.

என்னது, குழாய் இத்துப்போச்சா? புதுசு வாங்கணுமா? அப்ப பழசு எதுக்கு... ஓ, அளவு பாக்கவா. சேறோடயேவா? சரி, கொண்டு போங்க. என்னது, கூலியே வேணாமா? இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசனா...

தம்பி? ஏன் ஓடுறீங்க? தம்பி... உங்க ஸ்பேனர் பை இங்கயே கிடக்குதே!