நிரவிய படி

ரொட்டி நேற்றுச் சுட்டது, சார்ஜென்ட். வெண்ணெயைத் தாராளமாகத் தடவினால்தான் தொண்டையில் இறங்கும். சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்.

கில்டோரன் கோட்டையில் பாதி மழையில் கரைந்துபோயிற்று. மீதியை நிறுத்தி வைத்திருந்தது, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதை சொல்லும் என் வாய்தான். தலையை வெட்டிய பிறகும் மூன்று நாள் அரசாண்ட ராணியை நானே பெற்று வளர்த்தேன். அவள் திட்டினால் ஏழு ஊர்ப் பால் திரிந்துபோகும்.

அவளைக் கொன்றவன் லோர்கன், என் தங்கை மகன். பட்டணத்தில் சரித்திரம் படித்துவிட்டு வந்தான். ஒரு பஸ் கூட்டம் வாய்பிளந்து நிற்கையில் பின்னாலிருந்து கேட்டான்:

"மாமா, போன வாரம் ராணிக்குத் தலை இருந்துச்சே, யாரு திருடுனா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். கோடை வருவதற்குள் கோட்டைச் சாவியும் சுற்றிக்காட்டும் வேலையும் அவன் கைக்குப் போயின. எனக்கு வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை.

"கதை முட்டிக்கிட்டு வந்தா ஆடுங்ககிட்டச் சொல்லுங்க மாமா. அதுங்க குறுக்க பேசாது" என்றான்.

கோபுரத்தின் சுழல் படிக்கட்டில் ஒரே ஒரு படி மட்டும் ஒரு சாண் தாழ்வு. எதிரி தடுக்கி விழட்டும் என்று அந்தக் காலத்துக் கொத்தன் செய்த சூழ்ச்சி. வெளியாட்களை எச்சரித்தாக வேண்டும். எங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கால் தானாகப் பள்ளம் தேடும். லோர்கனுக்குக் கைபிடித்துப் பழக்கியவனே நான்தான்.

அந்தப் படியைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து மற்றவற்றோடு சமமாக்கினேன். வேறெதுவும் செய்யவில்லை. மறுநாள் காலை அவன் உச்சியில் கொடியேற்றிவிட்டு, சீட்டியடித்தபடி வேகமாக இறங்கினான். இல்லாத பள்ளத்தில் கால் வைத்தான்.

நீங்கள் வெளியூர், கார்க் நகரத்துப் பக்கத்துக்காரர். விசாரிக்க வந்த அன்று ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "படியில ஒரு கோளாறும் இல்லையே, பெரியவரே" என்றீர்கள். இல்லைதான். பழைய படிக்குக் கால் பழகிய உள்ளூர்க்காரனைத் தவிர யாரும் அங்கே விழ முடியாது.

சாவி திரும்ப என்னிடம் வந்துவிட்டது. லோர்கனை ராணிதான் தள்ளிவிட்டாள் என்று பயணிகளிடம் சொல்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவன் உயிரோடு இருந்து சொன்ன எதற்கும் யாரும் அழுததில்லை. என் தங்கை கோட்டைப் பக்கமே வருவதில்லை. ஒருநாள் வந்து அந்தக் கதையைக் கேட்டால் பெருமைப்படுவாள். தாய்மாமன் என்ற முறையில் அவனுக்கு நான் என்ன குறை வைத்தேன், சொல்லுங்கள்.